இடுப்பு வலி என்று வந்தவரும் சிறுநீரகத்தின் உறைகளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

தென் தமிழகத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றின் சிறுநீரக அறுவைப் பிரிவில் நடந்தது இது. நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டோம். சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள இணைப்புத் திசுவை முதலாண்டில் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியதோடு பலரும் மறந்துவிடுகிறோம். இவருக்கு வலி ஏன் காலில் தெரிந்தது, நோய் பிடிபட ஏன் தாமதமானது, போட்ட வடிகுழாய் ஏன் பாதியில் நின்றது என்ற எல்லாவற்றுக்கும் விடை அங்கேதான் இருந்தது.

பின்னணி

நோயாளி 52 வயதுப் பெண். வானம் பார்த்த பூமியில் மிளகாய் பயிராகும் கிராமம். பழம் எடுக்கப் போகும் கூலித் தொழிலாளி. சர்க்கரை நோய் வந்து பத்து வருடம் ஆகிறது. மாத்திரை கைக்கு வந்த மாதம் சாப்பிடுவார், வராத மாதம் அப்படியே விட்டுவிடுவார். சில வருடங்களுக்கு முன் இடது விலாவில் வலி வந்து ஸ்கேன் எடுத்ததில் கல் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். வலி நின்றதும் கல்லையும் மறந்துவிட்டார். சிறுநீரகக் கல் உள்ளவர்களில் பெரும்பாலோர் செய்வதுதான் இது.

பங்குனி மாதம், பழம் எடுப்பு மும்முரமாக இருந்த நேரத்தில் காய்ச்சல் தொடங்கியது. சாயந்தரமானால் குளிர் நடுக்கம், இரவில் வியர்வை. பக்கத்து ஊரில் ஊசி போட்டால் இரண்டு நாள் அடங்கும், மறுபடி வரும். மூன்றாவது வாரத்தில் இடது இடுப்பிலிருந்து முன்தொடை வரை வலி இழுத்தது. காலை ஊன்றி நடக்க முடியவில்லை. அதற்குள் காய்ச்சல் அவருக்குப் பழகிப்போயிருந்தது. அதனால் புறநோயாளிச் சீட்டு எழுதும் இடத்தில் காய்ச்சலைச் சொல்லாமல் காலைத்தான் சொன்னார். "இடது இடுப்பு வலி, நடக்க இயலவில்லை" என்று சீட்டு எழுதப்பட்டு எலும்பு மருத்துவத்துக்குப் போனார். எது வலிக்கிறதோ அதைத்தானே யாரும் சொல்வார்கள்.

எலும்புப் பிரிவில் பார்த்தது

அங்கே இருந்த மேற்படிப்பு மாணவர் நல்ல வேலை செய்தார் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். நோயாளி இடது முழங்காலை மடக்கி, அதற்கு அடியில் ஒரு பழைய சேலையைச் சுருட்டி வைத்துப் படுத்திருந்தார். காலை நீட்டச் சொன்னபோது, "நீட்டுனா உசுரு போவுது சார்" என்றார். மடக்கிய நிலையிலேயே தொடையை உள்ளும் வெளியும் திருப்பிப் பார்த்ததில் வலி இல்லை. இடுப்பு மூட்டுக்குள் சீழ் இருந்தால் எந்தப் பக்கம் அசைத்தாலும் கத்துவார்கள். இவருக்கு நீட்டும்போது மட்டும் வலி என்றால் மூட்டு நன்றாக இருக்கிறது, மூட்டுக்கு முன்னால் போகும் சோவாஸ் தசைதான் எரிச்சல்பட்டு இழுத்துக்கொண்டிருக்கிறது.

முதுகுத்தண்டிலிருந்து இறங்கித் தொடை எலும்பில் போய்ச் சேருகிற தசை அது. வாரக்கணக்கில் காய்ச்சல், சோவாஸில் இழுப்பு என்றால் நம் ஊரில் முதலில் மனதில் வருவது முதுகெலும்புக் காசநோய்தான். எக்ஸ்ரேயும் அதற்கு ஒத்துப்போவது போல இருந்தது. இடது சோவாஸின் ஓரக்கோடு மறைந்திருந்தது. முதுகுத்தண்டு இடப்பக்கமாகக் குழிந்து வளைந்திருந்தது. ஆனால் முதுகெலும்புகளின் உயரமோ, நடுவிலிருக்கும் வட்டுகளின் இடைவெளியோ குறையவில்லை. எம்ஆர்ஐக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு இரண்டு நாள் வரிசை.

அந்த எக்ஸ்ரேயைப் பிறகு நாங்கள் பலமுறை மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறோம். சோவாஸின் ஓரம் எக்ஸ்ரேயில் தெரிவதற்குக் காரணம், தசையை ஒட்டிக் கொழுப்பு இருப்பதுதான். அந்தக் கொழுப்பில் நீரோ சீழோ ஊறிவிட்டால் கோடு அழிந்துவிடும். கோடு அழிந்திருப்பதைக் கொண்டு தசைக்குள் நோய் என்று மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. தசைக்கு வெளியே கொழுப்பில் நோய் இருந்தாலும் படம் இப்படித்தான் இருக்கும். வளைவும் அப்படியே: எந்தப் பக்கத் தசை இழுக்கிறது என்பதைக் காட்டுமே தவிர, ஏன் இழுக்கிறது என்பதைக் காட்டாது.

ரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்தபோதுதான் வேகம் பிடித்தது. சர்க்கரை 412, சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 11.8, வெள்ளை அணுக்கள் 21,400, ஹீமோகுளோபின் 8.6, சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ஏறும் கிரியேட்டினின் 2.1. பொது மருத்துவப் பிரிவினர் வந்து பார்த்து, எம்ஆர்ஐ வரும்வரை காத்திருக்க வேண்டாம், வயிற்றுக்கு ஒரு அல்ட்ராசவுண்ட் எடுங்கள் என்றார்கள். இடது சிறுநீரகம் வீங்கி, சிறுநீர் தேங்கி, அதைச் சுற்றித் திரவம் நின்றது. அன்று மாலை எங்களைக் கூப்பிட்டார்கள்.

எங்கள் பரிசோதனை

வயிறு மெத்தென்று இருந்தது. அழுத்தினால் இறுகவில்லை, கையைத் தட்டிவிடவில்லை. இது பலரை ஏமாற்றும் இடம். சிறுநீரகம் வயிற்றறை உறைக்குப் பின்னால் இருக்கிறது. அதைச் சுற்றிக் கால் லிட்டர் சீழ் நின்றாலும் அந்த உறையைத் தொடாதவரை வயிறு சாதுவாகவே இருக்கும்.

நோயாளியை உட்காரவைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் கதை வேறு. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே வலது பக்கம் இயல்பான பள்ளம். இடது பக்கம் அந்தப் பள்ளம் நிரம்பியிருந்தது. தோலின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தால் குழி நின்றது. லேசாகத் தட்டியதற்கே துள்ளினார். இடது நெஞ்சின் அடியில் மூச்சுச் சத்தம் குறைவு. வலி முன்தொடைக்கும் அடிவயிற்று மடிப்புக்கும் போனதற்கும் காரணம் இருந்தது. சிறுநீரகத்தின் முதுகுப்புறத்தை ஒட்டித்தான் அந்தப் பகுதிகளுக்கான நரம்புகள் இறங்குகின்றன. ஒன்று சோவாஸைத் துளைத்துக்கொண்டே போகிறது.

சிறுநீர்ப் பரிசோதனையில் சீழ் அணுக்கள் கொஞ்சம்தான். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் பிறகு எதுவும் வளரவில்லை. ஏற்கெனவே ஊசிகள் போட்டிருந்தது ஒரு காரணம். இன்னொன்று, கல் அடைத்த இடது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் பையை வந்தடையவே இல்லை. நாம் பரிசோதித்தது நல்ல வலது சிறுநீரகத்தின் சிறுநீரை.

சிடி ஸ்கேன் காட்டியது

கிரியேட்டினின் 2.1 இருந்ததால் நிறமருந்து கொடுக்காமல் சாதா சிடி எடுக்க முடிவு செய்தோம். நிறமருந்து இல்லாவிட்டால் என்ன தெரியும் என்று ஒரு மாணவர் கேட்டார். நியாயமான கேள்வி. சிறுநீரகத்தின் சதை எப்படி வேலை செய்கிறது என்பது தெரியாது. ஆனால் கல் தெரியும். சுற்றியுள்ள அடுக்குகளும் தெரியும். சிடியில் கொழுப்பு கறுப்பாக விழுவதால், அதன் நடுவே ஓடும் மெல்லிய படலங்கள் வெள்ளைக் கோடாகத் தனித்துத் தெரியும்.

உள்ளிருந்து வெளியே வருவோம். சிறுநீரகத்தின் மேல் ஒட்டியிருப்பது நார் உறை. ஆரோக்கியமான சிறுநீரகத்தில் அதைச் சுலபமாக உரித்துவிடலாம். அதற்கு வெளியே சுற்றுக் கொழுப்பு. பின்புறமும் பக்கவாட்டிலும் கூடுதல், முன்புறம் குறைவு. இந்தக் கொழுப்பையும் சிறுநீரகத்தையும், மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியையும் சேர்த்து மூடியிருப்பதுதான் சிறுநீரகப் படலம். முன்னும் பின்னுமாக இரண்டு தாள். பின்தாளை எமில் சுக்கர்காண்டல் 1883இல் விவரித்தார். முன்தாளை ருமேனியரான டிமித்ரியே ஜெரோட்டா 1895இல் விவரித்தார். இன்று வார்டில் இரண்டையும் சேர்த்து ஜெரோட்டா படலம் என்றே சொல்கிறோம், சுக்கர்காண்டல் பெயர் தேர்வுக்கு மட்டும் வருகிறது. இந்த நோயாளியின் பிரச்சினை பெரும்பாலும் பின்தாளில்தான் நடந்தது என்பதால் அவரையும் நினைவில் வைப்பது நல்லது. படலத்துக்கு வெளியே இன்னொரு கொழுப்பு அடுக்கு, முக்கியமாகப் பின்பக்கம். அதற்கும் பின்னால் முதுகின் தசைகள்.

இரண்டு தாள்களும் எங்கே ஒட்டுகின்றன என்பதுதான் மருத்துவருக்கு முக்கியம். மேலே உதரவிதானத்தின் படலத்தோடு இறுக ஒட்டிக்கொள்கின்றன. பக்கவாட்டில் ஒன்றாகச் சேர்ந்து பெருங்குடலின் வெளிப்புறமாகப் போகின்றன. நடுப்பக்கம் பின்தாள் சோவாஸின் படலத்தோடு கலக்கிறது. முன்தாள் பெரிய ரத்தக்குழாய்களைச் சுற்றிய திசுவில் கரைகிறது. கீழே மட்டும் ஒட்டுதல் தளர்வு. மொத்தத்தில் தலைகீழாக நிற்கும் ஒரு கூம்பு. உள்ளே சேரும் ரத்தமோ சீழோ அதனால் கீழ்நோக்கி இடுப்புக்குழி வரை இறங்க முடியும். 1972இல் மேயர்ஸும் அவருடைய சகாக்களும் இந்தப் பகுதியை முன் அறை, சுற்று அறை, பின் அறை என்று பிரித்துக் காட்டிய பிறகுதான், எந்த நோய் எந்த வழியாகப் பரவும் என்பதைப் படத்தைப் பார்த்தே சொல்லும் பழக்கம் வந்தது.

இவருடைய படத்தில் இடது சிறுநீரகத்தின் வாய்ப்பகுதியில், சிறுநீர்க்குழாய் தொடங்கும் இடத்தில் 16 மில்லிமீட்டர் கல். அதற்கு மேல் எல்லாம் விரிந்திருந்தது. சிறுநீரகத்தின் பின்னும் கீழுமாக, படலத்துக்கு உள்ளே, 11 × 7 × 6 செ.மீ. அளவில் திரவத் தேக்கம். பின்தாள் தடித்திருந்தது. நடுப்பக்கம், அது சோவாஸைத் தொடும் இடத்தில் ஒரு சிறு விரிசல். அங்கிருந்து தசைக்குள் ஒரு நாக்குப் போலச் சீழ் நீண்டிருந்தது. முதுகெலும்புகள் சுத்தமாக இருந்தன. மேலே உதரவிதானத்தை ஒட்டி இடது நெஞ்சுக்கூட்டில் கொஞ்சம் நீர்.

வாயுக் குமிழ்கள் இருக்கிறதா என்று தனியாகத் தேடினோம். கட்டுப்படாத சர்க்கரையும் கல் அடைப்பும் சேர்ந்தால் சிறுநீரகத்திலேயே வாயு உண்டாகும் கடுமையான தொற்று வரலாம். 2000இல் ஹுவாங், செங் இருவரும் தந்த வகைப்பாட்டில் 3ஏ, 3பி இரண்டுக்கும் உள்ள வேறுபாடே, வாயு படலத்துக்கு உள்ளே நிற்கிறதா, அதைத் தாண்டிப் போய்விட்டதா என்பதுதான். இவருக்கு வாயு இல்லை.

எடுத்த முடிவுகள்

சர்க்கரைக்கு இன்சுலின் சொட்டு, கிருமிக்கு மெரோபெனெம், திரவம் எல்லாம் உடனே தொடங்கின. சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய அமிகாசின் என்ற இன்னொரு கிருமி மருந்தைக் கிரியேட்டினினைப் பார்த்து ஒதுக்கினோம். இவற்றில் விவாதம் இல்லை. விவாதம் மூன்று விஷயத்தில் வந்தது.

முதலாவது, அடைப்பை எந்த வழியாகத் திறப்பது. கீழே சிறுநீர்ப்பை வழியாகச் சிறுநீர்க்குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் போடலாம், முதுகு வழியாகச் சிறுநீரகத்துக்குள் விட்டுச் சிறுநீரை வெளியே எடுக்கும் நெஃப்ராஸ்டமி குழாய் போடலாம். இரண்டுமே ஏற்றுக்கொள்ளப்பட்ட வழிகள். மயக்க மருந்து தாங்குவாரா என்ற தயக்கம் ஒருபக்கம். கெட்டியான சீழ் ஸ்டென்டை அடைத்துவிடும் என்பது மறுபக்கம். அதோடு சுற்றியுள்ள சீழுக்கு எப்படியும் முதுகு வழியாகத்தான் போக வேண்டும். ஆகவே ஒரே அமர்வில், மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி நெஃப்ராஸ்டமி என்று முடிவானது.

இரண்டாவது, சுற்றியுள்ள சீழுக்குத் தனிக் குழாய் தேவையா. நெஃப்ராஸ்டமி போட்டால் அடைப்பு நீங்கும், மருந்து வேலை செய்யும், சீழ் தானாக வற்றாதா? சிறிய தேக்கமாக இருந்தால், சுமார் 3 செ.மீ.க்குள், அப்படிப் பார்த்திருப்போம். இது அதைப் போல மூன்று மடங்குக்கு மேல். சிறுநீரகத்தின் உள்ளறையும் படலத்துக்குள் இருக்கும் சுற்று அறையும் வேறு வேறு இடங்கள், நடுவில் சிறுநீரகச் சதையும் நார் உறையும் இருக்கின்றன. ஒன்றில் போட்ட குழாய் இன்னொன்றை வடிக்காது. இதை வீட்டார் எங்களைவிட நேரடியாகக் கேட்டார்கள். கையெழுத்துப் போடும்போது மருமகன், "ஒரே கிட்னிக்கு எதுக்கு சார் ரெண்டு டியூபு?" என்றார். தாளில் படம் வரைந்து, இது மூத்திரத்துக்கு, இது வெளியே நிற்கும் சீழுக்கு என்று காட்டியதும், "அப்ப ரெண்டு பைய்யும் தனித்தனியா அளக்கணும்ல" என்று அவரே சொன்னார். பிறகு வார்டில் அளவு எழுதியதும் பெரும்பாலும் அவர்தான்.

மூன்றாவது, சிறுநீரகத்தையே எடுத்துவிடலாமா. எங்கள் பிரிவிலேயே ஒருவர் அந்தக் கருத்தில் இருந்தார். சர்க்கரை, நாள்பட்ட கல், சீழ். சிறுநீரகம் ஏற்கெனவே போயிருக்கலாம், வைத்திருந்து என்ன பயன் என்பது அவர் வாதம். எதிர்வாதம் உடற்கூற்றிலிருந்து வந்தது. ஆரோக்கியமான உடலில் சிறுநீரகத்தை எடுப்பது சுலபமாக இருப்பதற்குக் காரணம், இந்தப் படலங்களுக்கு நடுவே விரலை விட்டுப் பிரிக்கக்கூடிய தளங்கள் இருப்பதுதான். சீழ் ஊறிய வாரங்களில் கொழுப்பு, படலம், தசை எல்லாம் ஒன்றாக உறைந்துவிடும். குடல் எது, ரத்தக்குழாய் எது என்று பிரிக்க முடியாது. அந்த நிலையில், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் தள்ளாடும்போது, வயிற்றைத் திறப்பது ஆபத்து. வடித்துவிட்டு, உடம்பைத் தேற்றி, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்து பார்த்து முடிவெடுப்போம் என்று ஒத்துக்கொண்டோம்.

குழாய் போட்ட நாள்

நோயாளியைக் குப்புறப் படுக்க வைக்க முடியவில்லை, கால் நீளாததால். இடது பக்கம் மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். விலாவுக்கு மேல் போனால் நெஞ்சுக்கூட்டின் உறையைத் துளைக்க நேரும். ரொம்பப் பக்கவாட்டில் போனால் பெருங்குடல். சிலருக்கு, குறிப்பாக இடது பக்கம், பெருங்குடல் சிறுநீரகத்துக்குப் பின்னால் ஒதுங்கியிருப்பதுண்டு. சிடியில் அதைப் பார்த்து இல்லை என்று உறுதி செய்திருந்தோம்.

நெஃப்ராஸ்டமியில் கலங்கிய சிறுநீர் வந்தது. அடுத்து, நுனி சுருண்ட பிக்டெயில் குழாய் சுற்று அறைக்குள்; தடிமன் 12 பிரெஞ்சு (குழாய்களின் தடிமனைச் சொல்லும் அளவு). ஊசி பின்கொழுப்பைத் தாண்டும்போது கைக்கு ஒன்றும் தெரியாது; பின்தாளை அடையும்போது ஒரு தடை, கொஞ்சம் அழுத்தினால் பட்டென்று விட்டுக்கொடுக்கும். தடித்த படலம் என்பதால் இவரிடம் அது உதவியாளருக்கே கேட்கும் அளவுக்கு இருந்தது. பச்சையும் பழுப்பும் கலந்த கெட்டிச் சீழ், 110 மி.லி. அடங்கியபோது அனைவருக்கும் நிம்மதி.

அந்த 110இல்தான் விஷயம் இருந்தது. மூன்று அளவுகளையும் பெருக்கி, அதில் பாதிக்குச் சற்று மேல் என்பது தேக்கத்தின் கொள்ளளவுக்கான வழக்கமான கணக்கு. அதன்படி கிட்டத்தட்ட 240 மி.லி. இருக்க வேண்டும். மீதி கெட்டியாக இருப்பதால் மெதுவாக வரும் என்று சலைன் விட்டுக் கழுவும்படி எழுதினோம்.

நான்காம் நாள்

மூன்று நாள் காய்ச்சல் இல்லை. கிரியேட்டினின் 1.2க்கு இறங்கியது. குழாயில் வரவு 10 மி.லி.க்கும் கீழே வந்தது. தாளில் பார்த்தால் எல்லாம் சரி. நான்காம் நாள் மாலை மறுபடி நடுக்கம், 102 டிகிரி. கால் இன்னும் மடங்கியே இருந்தது. கொஞ்சமும் மாறாத அந்தக் கால்தான் எங்களைக் குழாய் அடைத்துக்கொண்டதா என்று மட்டும் பார்ப்பதோடு நிறுத்தவிடாமல் செய்தது.

அல்ட்ராசவுண்டில் குழாய் நின்ற அறை காலியாக இருந்தது. அதற்குக் கீழே, பின்பக்கம், இன்னொரு அறை நிறையச் சீழோடு நின்றது. நடுவே மெல்லிய கோடுகள். கிரியேட்டினின் இறங்கியிருந்ததால் நிறமருந்தோடு சிடி எடுத்தோம். அதிலும் அந்த அறையின் சுவர் பளிச்சென்று தெரிந்தது. உள்தடுப்புகளை அல்ட்ராசவுண்ட் காட்டிய அளவுக்குச் சிடி காட்டவில்லை என்பது கவனிக்கத் தக்கது.

சுற்றுக் கொழுப்பு என்பது வெறும் கொழுப்பு அல்ல. பலாப்பழத்தில் சுளைகளுக்கு நடுவே சடை ஓடுவது போல, அதற்குள் குறுக்கும் நெடுக்குமாக நார்த் தடுப்புகள் ஓடுகின்றன. குனின் என்பவர் 1986இல் இவற்றை மூன்று விதமாகப் பிரித்து விவரித்தார்: நார் உறையிலிருந்து கிளம்பி நார் உறைக்கே திரும்புபவை, உறையையும் படலத்தையும் இணைப்பவை, படலத்தின் முன்தாளையும் பின்தாளையும் இணைப்பவை. சிறுநீரகத்தின் பின்புறம் அதற்கு இணையாக ஓடும் ஒரு தடுப்பு பெரும்பாலும் எல்லோரிடமும் இருக்கும். சாதாரண நாளில் இவை படத்தில் தெரியாது. ரத்தமோ சீழோ சேர்ந்தால் தடித்து, தேக்கத்தை அறை அறையாகப் பிரிக்கும். ரத்தக் கசிவு என்றால் அது நல்லது; கசிவு ஓரிடத்தில் கட்டுப்பட்டு நிற்கும். சீழ் என்றால் அதே தடுப்பு குழாய்க்கு எதிரி.

இரண்டு வழி பேசினோம். உள்ளே இருக்கும் குழாய் வழியாகக் கம்பியை விட்டுத் தடுப்பைக் கிழித்து இரண்டு அறையையும் ஒன்றாக்கலாம். ஆனால் நார் உறைக்குப் போகும் சிறு ரத்தக்குழாய்கள் அந்தக் கொழுப்பில் ஓடுகின்றன. தொற்றுள்ள திசுவில் கண் தெரியாமல் கிழிப்பதில் ரத்தக்கசிவு பயம் இருந்தது. அதனால் கீழ் அறைக்கு நேராக இரண்டாவது குழாய், இம்முறை 14 பிரெஞ்சு. 150 மி.லி. வந்தது. பின்தாளின் விரிசல் வழியாகச் சோவாஸில் இருந்த சீழும் இந்த அறையோடு சேர்ந்தே இருந்ததால், தசைக்கென்று மூன்றாவது குழாய் தேவைப்படவில்லை. இதுவும் பலன் தராவிட்டால் முதுகு வழியாகத் திறந்து வடிப்பது என்று முன்கூட்டியே எழுதி வைத்தோம். அந்தத் தேவை வரவில்லை.

பின்தொடர்ந்தது

இரண்டு நாளில் காய்ச்சல் போனது, திரும்ப வரவில்லை. சீழில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்தது, மெரோபெனெமுக்குக் கட்டுப்படும் வகை. காசநோய்க்கு எடுத்த சிபிநாட் எதிர்மறை. முதல் சந்தேகம் அதுதான் என்பதால் அந்த முடிவு எங்களுக்கும் எலும்புப் பிரிவுக்கும் முக்கியமாக இருந்தது. நெஞ்சில் இருந்த நீர் தானாக வற்றியது.

கால் மெதுவாகத்தான் நீண்டது. சேலைச் சுருட்டை ஒருநாள் எடுத்துவிட்டார், மறுநாள் திரும்ப வைத்தார். இயன்முறை மருத்துவர் தினமும் வந்தார். வரவு நின்று, ஸ்கேனும் காலியாகத் தெரிந்த பிறகு சீழ்க் குழாய்கள் இரண்டையும் எடுத்தோம். நெஃப்ராஸ்டமியோடு வீட்டுக்குப் போனார். பையை இடுப்பில் கட்டிக்கொண்டு பேருந்தில் வருவது எவ்வளவு சங்கடம் என்று மகள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. மறுபரிசோதனை நாளைச் சந்தை இல்லாத கிழமைக்கு மாற்றிக் கொடுத்தோம்.

தொற்று அடங்கிச் சில வாரம் கழித்து, ஒவ்வொரு சிறுநீரகமும் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டிஎம்எஸ்ஏ ஸ்கேன் எடுத்ததில், இடது சிறுநீரகத்தின் பங்கு 29 சதவீதம். சிறுநீரகத்தை எடுத்துவிடலாம் என்று சொன்னவரும் இதைப் பார்த்த பிறகு, வைத்திருக்கலாம் என்றார். சுமார் மூன்று மாதத்தில், முதுகு வழியாகத் துளையிட்டுக் கல்லை எடுத்தோம். துளையைப் பெரிதாக்கும்போது வழக்கமான பிளாஸ்டிக் விரிப்பான்கள் பின்தாளில் போய் முட்டி நின்றன. ஆறிய படலம் தோல் போலக் கெட்டியாகியிருந்தது. உலோக விரிப்பான்களுக்கு மாறிய பிறகே வழி கிடைத்தது. கல் முழுதும் வந்தது.

ரத்த அழுத்தத்தை மட்டும் ஒவ்வொரு வருகையிலும் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். 1939இல் இர்வின் பேஜ் நாய்களின் சிறுநீரகத்தைச் செலோபேன் தாளால் சுற்றினார். சுற்றி உண்டான தழும்பு சிறுநீரகத்தை நெருக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றியது. ஆறிய சீழ்க்கட்டியின் தழும்பும் அதையே செய்யக்கூடும். கடைசியாக வந்தபோது இவருக்கு அழுத்தம் இயல்பாக இருந்தது. சர்க்கரை முன்பைவிடப் பரவாயில்லை, நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. வேலைக்குத் திரும்பிவிட்டார். நாள் முழுக்கக் குனிந்து எடுத்தால் இடது தொடை இன்னும் இழுப்பதாகச் சொல்கிறார்.

என்ன மாற்றினோம்

சர்க்கரை நோயாளிக்குக் காய்ச்சலோடு ஒருபக்கக் கால் மடங்கியிருந்தால், எம்ஆர்ஐ வரிசைக்கு முன்பே அன்றைக்கே சிறுநீரகத்துக்கு அல்ட்ராசவுண்ட் பார்ப்பது என்று எலும்புப் பிரிவோடு பேசி வழக்கமாக்கியிருக்கிறோம். காசநோய்ச் சந்தேகத்தை அது தள்ளிப்போடுவதில்லை. பத்து நிமிட வேலை. நோயாளியைப் படுக்கவைத்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல், உட்காரவைத்து முதுகுப் பக்கமும் பார்க்கச் சொல்லி மாணவர்களை வற்புறுத்துகிறோம்.

கதிரியக்கப் பிரிவிடம் கேட்டுக்கொண்டது ஒன்று. "சிறுநீரகத்தைச் சுற்றிச் சீழ்" என்று ஒற்றை வரியில் முடிக்காமல், நார் உறைக்கு அடியிலா, படலத்துக்கு உள்ளேயா, வெளியேயா, சோவாஸுக்குள் போயிருக்கிறதா என்று தனித்தனியாக எழுத வேண்டும். முதலில் சலித்துக்கொண்டார்கள், இப்போது எழுதுகிறார்கள். குழாய் போடும் முன் சிடி இருந்தாலும் அல்ட்ராசவுண்டில் உள்தடுப்புகளைத் தேடுகிறோம். எதிர்பார்த்த கொள்ளளவைக் குறிப்பேட்டில் எழுதிவைத்து, வந்த அளவை அதோடு ஒப்பிடுகிறோம். பாதிதான் வந்தால் காய்ச்சல் திரும்பும்வரை பார்க்காமல் மறுநாளே ஸ்கேன். ஒவ்வொரு பையிலும் எந்த அறையிலிருந்து வருகிறது என்று ஒட்டுத்தாள் இருக்கும்.

தீராதது ஒன்று இருக்கிறது. இரவு நேரத்தில் அவசரப் பிரிவில் அல்ட்ராசவுண்ட் பார்க்கப் பயிற்சி பெற்றவர் எல்லா நாளும் இருப்பதில்லை. மேற்படிப்பு மாணவர்களுக்குச் சிறுநீரகத்தை மட்டும் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பைத் தொடங்கியிருக்கிறோம்; இப்போதைக்கு எலும்புப் பிரிவு மாணவர்கள்தான் அதிகம் வருகிறார்கள்.